பழைய டெஸ்க்டாப்புக்குப் பொருந்தும் பிராசசரும் மதர்போர்ட்டும்: திருகோணமலையிலிருந்து தேடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய டெஸ்க்டாப் மெதுவாகிவிட்டது என்றதும் பலரும் முதலில் தேடுவது பிராசசரைத்தான். "ஐ7 போட்டால் சரியாகிவிடுமா அண்ணா?" என்று கேட்டுக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். எந்த ஐ7 உங்கள் பெட்டிக்குள் உட்காரும் என்பதைத் தீர்மானிப்பது உள்ளே ஏற்கனவே இருக்கும் மதர்போர்ட், அதாவது எல்லாப் பாகங்களும் செருகப்படும் பலகை. அதன் முழுப் பெயர் கையில் இல்லாமல் ஒரு ரூபாவும் செலவழிக்க வேண்டாம்.

திருகோணமலையில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நகரத்துக் கடைகளில் ராமும் எஸ்எஸ்டியும் சுலபமாகக் கிடைக்கும். பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய மதர்போர்ட்டுக்கான பிராசசர் என்றால் பெரும்பாலும் கொழும்பிலிருந்துதான் வரவேண்டும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாக் கடைகள், இல்லாவிட்டால் இக்மனில் விளம்பரம் போடும் தனி ஆட்கள். கிட்டத்தட்ட 260 கிலோமீற்றர் தாண்டி வரும் பொருள் பொருந்தவில்லை என்றால் திருப்பி அனுப்பும் செலவு உங்கள் தலையில்தான் விழும், விற்றவர் திருப்பி எடுக்கவும் மாட்டேன் என்று சொல்லலாம். ஆகவே பொருந்துமா பொருந்தாதா என்ற கேள்வியை வீட்டிலேயே, பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு தீர்த்துவிட வேண்டும்.

முதலில்: எதற்காக மாற்றுகிறீர்கள்?

விண்டோஸ் 10க்கான மைக்ரோசொஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. அதனால்தான் இப்போது நிறையப் பேர் பழைய பெட்டியைத் திறந்து பார்க்கிறார்கள். விண்டோஸ் 11 முறையாக ஓட வேண்டுமானால் இன்டெல்லில் 8ஆம் தலைமுறை (ஐ5-8400 என்றால் 8ஆம், ஐ3-10100 என்றால் 10ஆம் தலைமுறை) அல்லது அதற்கு மேல், ஏஎம்டியில் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசை அல்லது அதற்கு மேல் வேண்டும். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். உங்கள் நோக்கம் இதுதான் என்றால் 2ஆம், 3ஆம், 4ஆம் தலைமுறை போர்ட்டில் எவ்வளவு பெரிய பிராசசரைப் போட்டாலும் அந்தத் தகுதி வராது. பிராசசர், போர்ட், ராம் மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும்.

இந்தத் தகுதிச் சோதனையைத் தவிர்த்துவிட்டுப் பழைய கணினியில் விண்டோஸ் 11ஐ ஏற்றிக் கொடுப்பவர்கள் உண்டு. ஏறும், ஓடும். ஆனால் அப்டேட்கள் தொடர்ந்து வரும் என்ற உத்தரவாதத்தை மைக்ரோசொஃப்ட் தரவில்லை. கோர் 2 டியோ, கோர் 2 குவாட் போன்றவற்றில் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு எழும்பவே எழும்பாது, ஏனென்றால் அது கேட்கும் சில கட்டளைகள் அந்தப் பிராசசர்களில் இல்லை. இணையமும் பாடக் குறிப்புகளும் போதும் என்றால் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு நல்ல வழி.

இன்னொன்று. உங்கள் கணினி இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கில்தான் ஓடுகிறதென்றால் முதலில் ஒரு சாட்டா எஸ்எஸ்டி போட்டுப் பாருங்கள். ராம் 4 ஜிபி என்றால் 8 ஆக்குங்கள். அதிலேயே பலருக்குப் போதுமான வேகம் வந்துவிடுகிறது. பிராசசர் மாற்றம் அதற்குப் பிறகு யோசிக்க வேண்டியது.

போர்ட்டின் பெயரைக் கண்டுபிடித்தல்

விண்டோஸ் ஓடுகிறதென்றால் தேடல் பெட்டியில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்பதைத் தேடித் திறங்கள். பேஸ்போர்ட் என்று தொடங்கும் வரிகளில் தயாரிப்பாளர் பெயரும் மாடலும் இருக்கும். இதைவிட வசதி சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள். அதில் மெயின்போர்ட் பகுதியில் மாடல், சிப்செட் (எச்61 போன்ற, போர்ட்டின் கட்டுப்பாட்டுச் சில்லு), பயோஸ் (கணினியை எழுப்ப போர்ட்டிலேயே இருக்கும் மென்பொருள்) பதிப்பு, அதன் திகதி எல்லாம் ஒரே இடத்தில் தெரியும். மெமரி பகுதியில் ராம் டிடிஆர்3 வகையா டிடிஆர்4 வகையா என்று தெரியும். இரண்டு பக்கங்களையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்பு கடைக்காரருக்கு வட்ஸ்அப்பில் அனுப்ப அதுவே போதும்.

கணினி எழும்பவில்லை என்றால் பிளக்கைக் கழற்றிவிட்டுப் பக்கவாட்டு மூடியைத் திறங்கள். ராம் இருக்கும் இடத்துக்கும் கிராபிக்ஸ் கார்ட் செருகும் நீளமான வாய்க்கும் நடுவில், அல்லது போர்ட்டின் ஓரத்தில், மாடல் பெயர் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். தூசியைத் தூரிகையால் தட்டிவிட்டுப் பாருங்கள். கிகாபைட் போர்ட் என்றால் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் 'ரெவ்' என்று ஓர் எண்ணும் இருக்கும். அதை விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஜிஏ-எச்61எம்-டிஎஸ்2 என்ற ஒரே பெயரில் பல ரிவிஷன்கள் வந்திருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் பயோஸ் கோப்பு வேறு. ஒன்றின் பயோஸை இன்னொன்றில் ஏற்றப் போய் நல்ல போர்ட்டைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

சொக்கட்: எந்தக் குடும்பம்?

பிராசசர் உட்காரும் சதுர இருக்கைதான் சொக்கட். இன்டெல் சொக்கட்டுகளின் பெயர் எல்ஜிஏ என்று தொடங்கும், பின்னால் வரும் எண் சொக்கட்டிலுள்ள தொடுமுனைகளின் எண்ணிக்கை. 1155க்கு உரியது 1150இல் உட்காராது. இதுவரை எல்லோருக்கும் விளங்கும். சொக்கட் பொருந்தினாலும் ஓடாத சந்தர்ப்பங்கள் இருக்கின்றன. காசு கரைவது அங்கேதான். அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எல்ஜிஏ 775 வைத்திருக்கிறீர்கள் என்றால், அதாவது பென்டியம் 4, டூவல் கோர், கோர் 2 டியோ காலத்துக் கணினி என்றால், அதில் இனிக் காசு போட வேண்டாம் என்பதே என் கருத்து. ஜி31 சிப்செட் 4 ஜிபி ராமைத் தாண்டாது, ஜி41 8 ஜிபியோடு நின்றுவிடும்.

எல்ஜிஏ 1155 தான் எங்கள் வீடுகளில் இன்னும் நிறைய ஓடிக்கொண்டிருப்பது. 2011இல் வந்த 2ஆம் தலைமுறையும் 2012இல் வந்த 3ஆம் தலைமுறையும் இதில் உட்காரும். ஐ3-2100 இருக்கும் பெட்டிக்கு ஐ5-3470 அல்லது ஐ7-3770 போடுவது மிகப் பிரயோசனமான மாற்றம். இரண்டு கோரிலிருந்து (பிராசசருக்குள் வேலை செய்யும் அலகு) நான்குக்குப் போகிறீர்கள், வேறு எதையும் மாற்றவேண்டியதில்லை. ஆனால் சிப்செட்டைப் பாருங்கள். பி75, எச்77, இசட்77 என்றால் 3ஆம் தலைமுறை நேராக வேலை செய்யும். எச்61 என்றால் போர்ட்டைப் பொறுத்துப் பயோஸ் அப்டேட் தேவைப்படலாம். கியூ65, கியூ67, பி65 என்ற மூன்றுக்கும் 3ஆம் தலைமுறை ஆதரவை இன்டெல் கொடுக்கவில்லை. அலுவலகங்களில் கழித்து விற்ற பிராண்ட் கணினிகளில் கியூ67 அடிக்கடி இருக்கும். அந்தப் பெட்டிக்கு 2ஆம் தலைமுறை ஐ7-2600தான் பாதுகாப்பான தெரிவு. அது 95 வாட்ஸ், 3770 என்றால் 77 வாட்ஸ். எங்கள் வெக்கைக்கு அந்த வித்தியாசம் தெரியும், ஆகவே பிராசசரைக் குளிர்விக்கும் கூலர் நல்ல நிலையில் இருக்க வேண்டும்.

எல்ஜிஏ 1150 என்றால் 4ஆம் தலைமுறை. எச்81, பி85 போர்ட்டுகள்தான் அதிகம். ஐ7-4770க்கும் 4790க்கும் நடுவில் குழப்பம் வரும். 4790 பிறகு வந்தது, ஆகவே ஆரம்ப கால எச்81 போர்ட்டுக்குப் பயோஸ் அப்டேட் இல்லாமல் அது ஓடாமல் போகலாம். 4770 வாங்கினால் அந்தக் கவலை குறைவு, வேகத்தில் பெரிய வித்தியாசமும் இல்லை.

எல்ஜிஏ 1151இல்தான் மிகவும் கவனம். எச்110, பி150, பி250 போன்ற 100, 200 வரிசைப் போர்ட்டுகள் 6ஆம், 7ஆம் தலைமுறைக்கு. எச்310, பி360, பி365 போன்ற 300 வரிசைப் போர்ட்டுகள் 8ஆம், 9ஆம் தலைமுறைக்கு. சொக்கட்டின் பெயர் ஒன்று, அளவு ஒன்று, பிராசசர் அழகாக உட்காரும், ஆனால் ஓடாது. "1151தானே தம்பி, எல்லாம் ஒன்றுதான்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எச்110 போர்ட்டை வைத்துக்கொண்டு விண்டோஸ் 11க்காக ஐ5-8400 வாங்கினால் அந்தப் பிராசசர் மேசை இழுப்பறைக்குள்தான் இருக்கும்.

எல்ஜிஏ 1200இல் 10ஆம், 11ஆம் தலைமுறை. இங்கேயும் எச்410, பி460 சிப்செட்டுகள் 10ஆம் தலைமுறைக்கானவை. எச்510, பி560 என்றால் இரண்டையும் பார்க்கலாம், ஆனால் குறிப்பிட்ட மாடலைத் தயாரிப்பாளர் பட்டியலில் சரிபார்க்க வேண்டும். எல்ஜிஏ 1700இல் 12, 13, 14ஆம் தலைமுறைகள். அதில் டிடிஆர்4 போர்ட்டும் உண்டு, டிடிஆர்5 போர்ட்டும் உண்டு. பெரும்பாலான போர்ட்டுகளில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட முடியாது.

ஏஎம்டி பக்கம் ஏஎம்4 சொக்கட் ஒரு நல்ல குடும்பம். ரைசன் 1000 வரிசை முதல் 5000 வரிசை வரை அதில்தான் வந்தன. ஏ320, பி450 போன்ற பழைய போர்ட்டுகளில் 5000 வரிசை போட வேண்டுமானால் புதிய பயோஸ் அவசியம். ஏஎம்5 2022இல் வந்தது, டிடிஆர்5 மட்டும்தான் எடுக்கும்.

பிராசசர் பெயரின் கடைசி எழுத்தையும் கவனியுங்கள். இன்டெல்லில் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. ஏஎம்4 ரைசனில் அனேகமாக ஜி என்று முடிபவற்றில்தான் கிராபிக்ஸ் உண்டு. தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லாத வீட்டில் ரைசன் 5 5600 போட்டால் திரையில் ஒன்றும் வராது, 5600ஜி போட வேண்டும். டி என்று முடியும் இன்டெல் பிராசசர்கள் குறைந்த மின்சாரத்தில் ஓடுபவை, வேகமும் கொஞ்சம் குறைவு. சின்னப் பெட்டிக்கு அவை நல்லது.

ஆதரவுப் பட்டியல், பயோஸ்

இப்போது போர்ட்டின் முழுப் பெயரோடு தயாரிப்பாளரின் இணையத்தளத்துக்குப் போங்கள். கிகாபைட், அசுஸ், எம்எஸ்ஐ எல்லோரும் ஒவ்வொரு மாடலுக்கும் சிபியு ஆதரவுப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். நீங்கள் வாங்க நினைக்கும் பிராசசர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எந்தப் பயோஸ் பதிப்பிலிருந்து ஓடும் என்று பக்கத்திலேயே ஓர் எண் இருக்கும். உங்கள் படத்திலுள்ள பயோஸ் எண் அதற்குச் சமம் அல்லது மேலே என்றால் தாராளமாக வாங்கலாம். கீழே என்றால் பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே பயோஸை அப்டேட் செய்ய வேண்டும். புதியதைப் போட்ட பிறகு செய்வோம் என்றால் கணினி எழும்பாது, பெரும்பாலான போர்ட்டுகளில் செய்யவும் முடியாது.

பயோஸ் ஏறும் இரண்டு மூன்று நிமிடத்தில் கறண்ட் போனால் போர்ட் செத்துவிடலாம். யுபிஎஸ் இல்லாமல் தொடவே வேண்டாம். யுபிஎஸ் இருந்தாலும் இடியும் மழையும் இருக்கும் நாளில் வேண்டாம், பொறுத்திருந்து செய்யுங்கள்.

பெயர் தெரியாத தயாரிப்பாளர்களின் புதிய எச்61, எச்81, பி75 போர்ட்டுகள் சீனாவிலிருந்து வந்து விற்பனையில் இருக்கின்றன. விலை மலிவு, பெட்டியும் புதிது. ஆனால் பெரும்பாலானவற்றுக்கு ஆதரவுப் பட்டியலும் கிடையாது, பயோஸ் கோப்பும் கிடையாது. எதைச் சரிபார்க்கச் சொன்னேனோ அதையே சரிபார்க்க முடியாத பொருள். அதைவிடப் பாவித்த கிகாபைட் போர்ட் மேல்.

போர்ட்டையும் மாற்றினால்

அப்போது ராமும் கூடவே மாறும். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றிலும் நடுவெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், ஒன்று மற்றதன் வாயில் செருகாது. 2025 கடைசியில் உலகம் முழுவதும் ராம் விலை ஏறியது, ஆகவே போர்ட்டின் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். இதே காரணத்தால், 6ஆம் தலைமுறைக் கணினியில் டிடிஆர்4 ஏற்கனவே வைத்திருப்பவருக்கு அந்த ராமைத் தொடர்ந்து பாவிக்கக்கூடிய எச்510 அல்லது டிடிஆர்4 வகை எச்610 போர்ட் நல்ல தெரிவு. ஐ3-10100, ஐ3-12100 இரண்டுமே நான்கு கோர் எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). படிப்புக்கும் அலுவலக வேலைக்கும் தாராளம்.

பிராண்ட் கணினிகளில் இன்னொரு சிக்கல். டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி, லெனோவோ திங்சென்டர் பெட்டிகள் பாவித்த நிலையில் நல்ல விலைக்குக் கிடைக்கின்றன, நம்பிக்கையான கணினிகள்தான். ஆனால் அவற்றின் பவர் சப்ளை வாய் பல மாடல்களில் சாதாரண 24 பின் இல்லை. ஒப்டிபிளெக்ஸ் 9020இல் 8 பின், திங்சென்டர் சிலவற்றில் 14 பின். போர்ட்டின் வடிவமும் முன் பட்டன்களின் வயர் இணைப்பும் வேறு. ஆகவே அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு உள்ளே வேறு போர்ட் போடலாம் என்று திட்டமிட வேண்டாம். அந்தப் பெட்டி வைத்திருப்பவர் அதே போர்ட்டுக்குள் கிடைக்கும் பெரிய பிராசசரோடு நிறுத்திக்கொள்வதுதான் சரி. இல்லாவிட்டால் அப்படியே விற்றுவிட்டு 8ஆம் தலைமுறைக்கு மேற்பட்ட முழுக் கணினியாக வாங்கலாம். கோணேசபுரி வளாகத்தில் படிக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்டால் நான் முதலில் சொல்வது இந்த இரண்டாவது வழியைத்தான். தனித்தனியாகப் போர்ட், பிராசசர், ராம், பவர் சப்ளை என்று கூட்டிப் பார்த்தால் பல நேரம் முழுப் பெட்டியே மலிவாக முடியும்.

கூலர் பழையதே பொருந்துமா? எல்ஜிஏ 1156 முதல் 1200 வரை துளைகளின் இடைவெளி 75 மில்லிமீற்றர், ஆகவே அந்தக் குடும்பங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். 775இல் 72, 1700இல் 78. அவை வேறு.

பாவித்த போர்ட்டைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது

இன்டெல் போர்ட்டில் முதலில் சொக்கட்டைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே ஆயிரத்துக்கு மேற்பட்ட மெல்லிய கம்பிகள் ஒரே திசையில் சாய்ந்து வரிசையாக நிற்கும். விரலால் தொடாதீர்கள். போனின் டோர்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில், கிட்டத்தட்ட போர்ட்டோடு படுக்கவைத்து அடியுங்கள். எல்லா நுனிகளும் ஒரே மாதிரி மின்ன வேண்டும். போனை மெதுவாகச் சுற்றினால் மினுக்கம் வயல் நாற்றில் காற்று போவதுபோல் சீராக நகரும். எங்கேயாவது ஒரு புள்ளி மட்டும் மின்னாமல் கறுப்பாக நின்றாலும், தவறான நேரத்தில் மின்னினாலும் அங்கே ஒரு கம்பி வளைந்திருக்கிறது. பிறகு கமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு கம்பி வளைந்தாலே ஒரு பக்க ராம் வேலை செய்யாமல் போகலாம். விற்பவர் தூரத்தில் இருந்தால் இதே கோணத்தில் இரண்டு திசையிலிருந்தும் வீடியோ கேளுங்கள். நேர்மையான ஆள் எடுத்து அனுப்புவார்.

ஏஎம்4இல் கம்பிகள் பிராசசரின் அடியில் இருக்கும், ஆகவே அங்கே பிராசசரைப் பாருங்கள். பஸ்ஸில் பார்சலாக வருவதென்றால் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து அனுப்பச் சொல்லுங்கள், வெறும் காகிதத்தில் சுற்றினால் வளைந்துதான் வரும். போர்ட் என்றால் சொக்கட் மூடி போட்டிருக்க வேண்டும்.

அடுத்து கெப்பாசிட்டர்கள். உருளை மாதிரி நிற்கும் அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தால், பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தால் வேண்டாம். பின் பக்கத்து யுஎஸ்பி, விஜிஏ வாய்களின் உலோகத்தையும் பாருங்கள். உப்புவெளி, நிலாவெளி, கிண்ணியாக் கடலோரம் ஓடிய கணினி என்றால் உப்புக் காற்று முதலில் அங்கேதான் தெரியும். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் ராம் வாயும் அதே நிலையில் இருக்கலாம். உங்கள் சொந்த ராமின் தங்க முனைகள் மங்கியிருந்தால் வெள்ளை அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரோபைல் அல்ககோலால் துடைத்தால் போதும்.

பொருத்துதல்

பழைய கூலரைக் கழற்றும் முன் கணினியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துங்கள். சூட்டில், கூலருக்கும் பிராசசருக்கும் நடுவில் பூசிய பேஸ்ட் இளகும். கூலரை நேரே இழுக்காமல் இடம் வலமாகத் திருகி எடுங்கள். ஏஎம்4இல் நேரே இழுத்தால் பிராசசரும் சேர்ந்து பிய்ந்து வரும்.

பிளக் கழற்றியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். வெறுங்கையால் பெட்டியின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டு நிலைமின்னைப் போக்குங்கள். பிராசசரின் ஒரு மூலையில் தங்க முக்கோணம் இருக்கும், சொக்கட்டிலும் அதே மூலையில் குறி இருக்கும். இரண்டையும் சேர்த்து வைத்தால் தானாக உட்காரும். அமுக்க வேண்டாம். இன்டெல் சொக்கட்டின் நெம்பு கம்பியை இறக்கும்போது மட்டும் கொஞ்சம் பலம் வேண்டும், கிறீச் என்று சத்தமும் வரும். அது வழக்கம்தான். நடுவில் ஒரு பட்டாணி அளவு பேஸ்ட், பிறகு கூலரின் நான்கு காலையும் எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள்.

புது போர்ட் என்றால் பெட்டிக்குள் இருக்கும் பித்தளைத் தாங்கிகளை எண்ணிப் பாருங்கள். போர்ட்டில் துளை இல்லாத இடத்தில் ஒரு தாங்கி நின்றால் அது அடியில் ஷோர்ட் ஆக்கும், கழற்றிவிடுங்கள். பெரிய 24 பின் வயரோடு, பிராசசருக்குப் பக்கத்தில் 4 அல்லது 8 பின் வயர் ஒன்றும் செருக வேண்டும்.

திரை வராவிட்டால் நான் முதலில் பார்ப்பது அந்த 4 பின் வயரைத்தான். ஃபேன் சுற்றும், திரை வராது என்றால் பெரும்பாலும் அதை மறந்திருப்பார்கள். அப்புறம் ராமைக் கழற்றி ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். அப்புறம் பிளக்கைக் கழற்றி, வட்டமான சிஆர்2032 பேட்டரியை எடுத்துச் சில நிமிடம் கழித்துத் திரும்பப் போடுங்கள். ரைசன் போர்ட்டுகள் முதல் தடவை எழும்ப ஒரு நிமிடத்துக்கு மேலும் எடுக்கும், அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம்.

எழும்பியதும் சூட்டைப் பாருங்கள். ஒரு மணி நேரம் வீடியோ ஓடவிட்டு, பல தாவல்களைத் திறந்து வைத்தும் 80 பாகைக்குள் நின்றால் கூலர் சரியாக உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மேல் ஏறிக்கொண்டே போனால் ஒரு கால் சரியாகப் பூட்டாமல் இருக்கலாம். போர்ட் மாறியிருந்தால் விண்டோஸ் உரிமம் கேட்கும், ஏனென்றால் கணினியோடு வந்த உரிமம் பழைய போர்ட்டோடு கட்டப்பட்டது. பாவித்த பொருளுக்குக் கடைகள் கொடுக்கும் செக்கிங் வாரண்டி அனேகமாக ஒரு வாரம்தான். அந்த வாரம் முழுக்கத் தினமும் ஓட்டி, எல்லா யுஎஸ்பி வாயையும், இரண்டு ராம் வாயையும், ஒலியையும், நெட்வேர்க் வயரையும் சோதித்துவிடுங்கள். பழைய பிராசசரையும் போர்ட்டையும் அதற்கு முன் விற்றுவிட வேண்டாம்.